பையனைப் போட்டிக்கு அனுப்பினால் பட்டறைக்கு என்ன லாபம்?

கேள்வி: சிறிய ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டு அப்ரண்டிஸ் ஒருவனை வெல்டிங் திறன் போட்டிக்கு அனுப்பும்படி அவனுடைய பயிற்சி நிலையத்தில் கேட்கிறார்கள். மூன்று நான்கு மாதம் தயார் செய்ய வேண்டுமாம். வேலை நேரமும் போகும், வெல்டிங் ராடும் தகடும் போகும். ஜெயித்துவிட்டால் வேறு யாராவது கூப்பிட்டுக்கொள்வார்கள். மற்ற முதலாளிகள் எதற்காக அனுப்புகிறார்கள்?

பதில்: பதக்கத்தை நம்பி அனுப்பாதீர்கள், அது ஒரு சிலருக்குத்தான் கிடைக்கும். விவரம் தெரிந்த முதலாளிகள் கணக்குப் போடுவது அந்த மூன்று நான்கு மாதப் பயிற்சியை வைத்துத்தான்.

வெல்டு கொஞ்சம் மேடாகவோ கோணலாகவோ வந்தால் பட்டறையில் கிரைண்டரை எடுத்து இழைத்துவிடுவோம். போட்டியில் டெஸ்ட் பீஸின் ரூட்டையும் (வெல்டின் அடிப்பக்கம்) கடைசி மேல் ஓட்டத்தையும் இழைக்க விடமாட்டார்கள். போட்டது போட்டபடி கொடுக்க வேண்டும். நடுவர்கள் கேஜ் வைத்து மேட்டின் உயரத்தையும் அண்டர்கட் (வெல்டு ஓரத்தில் தகடு அரிபட்டு விழும் பள்ளம்) ஆழத்தையும் அளப்பார்கள். இதற்குத் தயாராகும் பையன் முதல் தடவையிலேயே சரியாகப் போடப் பழகிவிடுகிறான். திருத்த வேலைக்குச் செலவாகும் டிஸ்க், ராடு, ஆள் நேரம் இவற்றை ஒரு மாதம் குறித்து வைத்துப் பாருங்கள். எந்தப் பணம் மிச்சமாகும் என்பது தெரிந்துவிடும்.

பழகுவதற்குத் தகடு வாங்க வேண்டாம், கழிவுத் துண்டு போதும். 10 மி.மீ. தகட்டில் 100 மி.மீ. அகலம், 200 மி.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் சேரும் விளிம்பில் 30 டிகிரி சாய்வு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு துண்டுக்கும் நடுவில் விடும் ரூட் இடைவெளி ஆரம்பத்தில் 2.5 மி.மீ., மறுமுனையில் 3 மி.மீ. இருக்கட்டும். வெல்டு ஓட ஓடச் சூட்டில் தகடு இழுத்துக்கொண்டு இடைவெளி சுருங்கும். இரு முனையிலும் ஒரே அளவு வைத்தால் கடைசியில் வெல்டு அடிவரை இறங்காது. பையன்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான்.

அடுத்தது ராடு. 7018 வகை ராடைத் திறந்த டப்பாவிலிருந்து அப்படியே எடுத்தால் ஈரம் ஏறியிருக்கும். வெல்டில் துளை விழும், ஆறிய பிறகு விரிசலும் விடலாம். டப்பாவில் எழுதியிருக்கிற சூட்டில், பெரும்பாலும் 300 முதல் 350 டிகிரி செல்சியஸில், ஒன்றிரண்டு மணி நேரம் ராடு காய வைக்கும் ஓவனில் காய வைத்து எடுக்க வேண்டும். போட்டிக்காக ஒருவன் இதைப் பழகிவிட்டால், பக்கத்தில் நிற்கும் மற்ற பையன்களும் பார்த்துப் பழகுவார்கள்.

வெல்டு போட்ட துண்டைக் குறுக்கே பட்டையாக அறுத்து, ஒரு பட்டையில் ரூட் வெளிப்பக்கம் வரும்படியும் இன்னொன்றில் மேல்பக்கம் வெளியே வரும்படியும் வளைத்துப் பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வாய் பிளந்தால் அந்த வெல்டு தேறாது. எங்கே பிளந்தது என்று பையனே பார்க்கட்டும். நீங்கள் பத்துத் தடவை திட்டுவதைவிட அந்த ஒரு பிளவு அவனுக்கு நன்றாகப் புரியவைக்கும். ராடு மாற்ற நிறுத்தித் தொடங்கிய இடத்தில்தான் பெரும்பாலும் பிளக்கும்.

வாரத்தில் இரண்டு அரை நாள் ஒதுக்குங்கள். வேலை முடிந்த பிறகு, களைத்த கையோடு பழகச் சொன்னால் தப்பான பழக்கம்தான் ஊறும். பெரிய ஆர்டர் முடிக்க வேண்டிய மாதத்தோடு போட்டித் தேதி மோதினால் இந்தத் தடவை வேண்டாம் என்று பயிற்சி நிலையத்தில் இப்போதே சொல்லிவிடுவது நியாயம். பாதியில் நிறுத்தினால் பையன் மனம் உடைந்துபோவான். ஆனால் ரொம்பவும் தள்ளிப்போடாதீர்கள். உலக அளவில் நடக்கும் வேர்ல்ட்ஸ்கில்ஸ் போட்டியில் பெரும்பாலான தொழில்களுக்கு வயது வரம்பு 22.

கூப்பிட்டுக்கொள்வார்கள் என்ற பயம் நியாயமானதுதான். போட்டியே இல்லாவிட்டாலும் நல்ல வெல்டரைத் தேடி ஆள் வரத்தான் செய்வார்கள். பாண்டு எழுதி வாங்கிக் கட்டிப்போட நினைக்காதீர்கள். மனமில்லாமல் நிற்கிறவன் கையில் நல்ல வெல்டு வராது. பயிற்சிக்காலம் முடிந்ததும் என்ன சம்பளம், என்ன பொறுப்பு என்பதைப் போட்டிக்குப் போகும் முன்பே அவனிடமும் அவன் வீட்டிலும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். போட்டி நடக்கும் நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். திரும்பி வந்ததும், மார்க் விவரம் கொடுத்திருந்தால் கேட்டு வாங்கி, எந்தெந்த இடத்தில் மார்க் போனது என்று ஃபோர்மேனோடு சேர்ந்து பாருங்கள். அதே குறை மற்றவர்கள் வேலையிலும் இருக்கிறதா என்று அந்த வாரமே சோதித்துவிடலாம்.