மரத்துக்கு தனி டிபார்ட்மென்ட் வந்தா போதுமா?

வணக்கம் அக்கா,

எங்க ஊர்ல மரம் நடுறது பூங்கா துறை, நட்டப்புறம் அது ரோடு டிபார்ட்மென்ட் கணக்கு, கிளை வெட்டுறது கரன்ட்காரங்க, வேர வெட்டுறது வடிகால் தோண்டுறவங்க. ஒரு மரம் சாஞ்சு நிக்குதுன்னு புகார் குடுக்க நாலு ஆபீஸ் ஏறணும். இப்ப எல்லாத்தயும் ஒரே டிபார்ட்மென்டுக்கு கொண்டு வர தீர்மானம் போடப்போறாங்க. என் பிரண்டு "இன்னொரு ஆபீஸ், இன்னொரு போர்டு, அவ்ளோதான்"ங்கிறான். நீங்க என்ன நினைக்கிறீங்க?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பொறுப்பு ஒரே இடத்துக்கு வரணும்ங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா வேலைய மட்டும் மாத்திட்டு பணத்தயும் அதிகாரத்தயும் பழைய இடத்துலயே விட்டாங்கன்னா உங்க பிரண்டு சொன்னதுதான் நடக்கும்.

ஒரு தெரு மரம் எப்படி சாகுதுன்னு கொஞ்சம் கிட்ட போய் பாருங்க. வேர்ல பெரும்பகுதி மேல் மண்ணுல ஒரு ரெண்டடிக்குள்ளதான் இருக்கு, ஆழமா போறத விட கிளை பரப்பயும் தாண்டி அகலமா ஓடுது. வடிகாலுக்கு ஜேசிபி விட்டு தோண்டும்போது ஒரு பக்கத்து வேர் மொத்தமா போயிடும். அன்னிக்கு மரத்துக்கு ஒண்ணும் ஆகாது, இலையெல்லாம் பச்சையாத்தான் இருக்கும், கான்ட்ராக்டரும் பில் வாங்கிட்டு போயிடுவாரு. அப்புறம் பிளாட்பாரம் போட வர்றவங்க அடிமரத்த ஒட்டி கான்கிரீட் ஊத்துவாங்க, தண்ணி இறங்க வழியில்ல. அதுக்கப்புறம் லைன்ல படுதுன்னு ஒரு பக்கத்து கிளைய மட்டும் மொட்டையடிப்பாங்க, எடை பூரா மறுபக்கம் போயிடும். சில வருஷம் கழிச்சு ஒரு காத்துக்கு விழுது, ரிப்போர்ட்ல "பலத்த காற்று"ன்னு எழுதிடுறாங்க. மூணு டிபார்ட்மென்டும் அவங்கவங்க வேலைய முடிச்சிட்டாங்க, மரத்த பாக்குறது மட்டும் யாரு வேலையும் இல்ல.

சரி, ஒரே கைன்னா எந்த கை? இங்கிலாந்துல ஷெஃபீல்டுல 2012-ல ரோடு பராமரிப்ப 25 வருஷ கான்ட்ராக்டா ஒரு கம்பெனிகிட்ட குடுத்தாங்க, தெரு மரமும் அதுக்குள்ளயே. பொறுப்பு ஒரே இடத்துக்கு வந்துடுச்சு, ஆனா அந்த இடம் ரோட்டுக்கானது. சுமார் 36,000 தெரு மரம் இருந்த ஊர்ல 17,500 மரத்த எடுத்துட்டு புதுசு வைக்கணும்னு கான்ட்ராக்டுலயே எழுதியிருந்துச்சு. வேர் பிளாட்பாரத்த தூக்குதுன்னு நல்லா இருந்த மரத்தயும் வெட்டினாங்க, 5,000-க்கு மேல போச்சு. ஜனங்க மரத்தடியில போய் நின்னு மறிச்சாங்க, கைது நடந்துச்சு, 2018-லதான் வெட்டுறது நின்னுச்சு, 2023-ல விசாரணை அறிக்கை வந்தப்புறம் மாநகராட்சி மன்னிப்பு கேட்டுச்சு. மேடுபள்ளம் இல்லாத நடைபாதைதான் குறிக்கோள்னு இருக்குற ஒரு ஆபீஸுக்கு மரம் இடைஞ்சலாத்தான் தெரியும், அங்க இருக்குறவங்க எவ்ளோ நல்லவங்களா இருந்தாலும்.

சான் பிரான்சிஸ்கோ கதை வேற. அங்க தெரு மரத்துல பெரும்பாலானது வீட்டுக்காரங்க பொறுப்புல இருந்துச்சு, கையில காசு இருக்குறவர் பாத்துக்கிட்டாரு, இல்லாதவர் விட்டுட்டாரு. 2016 நவம்பர்ல ஓட்டுக்கு விட்டாங்க, ஜனங்க பெருசா ஆதரிச்சாங்க, 2017 ஜூலைல இருந்து 1,20,000-க்கு மேற்பட்ட மரம் மாநகராட்சி கைக்கு வந்துச்சு. நான் இதுல முக்கியமா பாக்குறது, மரத்தோட சேத்து வேர் உடைச்ச நடைபாதைய சரிபண்றது, யாராவது தடுக்கி விழுந்தா பதில் சொல்றது, வருஷத்துக்கு சுமார் 1.9 கோடி டாலர் தனியா ஒதுக்குறது, எல்லாமே ஒண்ணா நகந்துச்சு. பணம் சட்டத்துலயே எழுதியிருக்குறதால அடுத்த பட்ஜெட்ல யாரும் சத்தமில்லாம கை வைக்க முடியாது.

அதிகாரம்னு நான் சொல்றதுக்கு சிங்கப்பூர் நல்ல உதாரணம். 1975-லயே சட்டம் போட்டு, வீடு கட்டுற அரசு அமைப்பும் சரி தனியார் பில்டரும் சரி, மரத்துக்கு இடம் விட்டுத்தான் ஆகணும்னாங்க. அதாவது மரம் பாக்குற ஆபீஸோட பேச்சு மத்தவங்க பிளான் வரைக்கும் செல்லுது. உங்க ஊர்ல புது டிபார்ட்மென்டோட கையெழுத்து இல்லாம வேர் பக்கத்துல தோண்ட முடியுமா முடியாதா, தீர்மானத்துல அத தேடிப் பாருங்க. முடியும்னா நாலு ஆபீஸோட அஞ்சாவதா ஒண்ணு, அவ்வளவுதான்.

கரன்ட்காரங்ககிட்ட இருந்து கிளை வெட்டுறத பிடுங்கணும்னு மட்டும் கேக்காதீங்க. கரன்ட் ஓடிக்கிட்டிருக்குற லைன் பக்கத்துல ஏறுறது அவங்க பயிற்சி எடுத்து செய்யுற வேலை, அத வேற யாரும் செய்யக்கூடாது. ஆனா எங்க வெட்டணும்னு மரம் தெரிஞ்ச ஆள் கீழ நின்னு காட்டணும். கிளை அடிமரத்தோட சேர்ற இடத்துல லேசா ஒரு வீக்கம் இருக்கும், அதுக்கு வெளிய வெட்டினா மரம் தானே காயத்த மூடிக்கும், வீக்கத்தோட சேத்து சீவினாலோ குச்சி மாதிரி பாதியில விட்டாலோ அழுகல் உள்ள இறங்கும். ரெண்டுத்துக்கும் ஆகுற நேரம் ஒண்ணுதான், எனக்கு ஆத்தாமையே அதான்.

இன்னொண்ணு, புது டிபார்ட்மென்ட எத வச்சு அளப்பாங்க? எத்தன கன்னு நட்டாங்கங்கிறத வச்சுன்னா அவங்களும் நட்டு போட்டோ எடுத்துட்டு போயிடுவாங்க. முதல் ரெண்டு மூணு வருஷம் தண்ணி ஊத்த ஆளும் வண்டியும் வேணும், மூணாவது வருஷம் எத்தன உயிரோட இருக்குன்னு கணக்கு கேக்கணும். அதுக்கு முதல்ல மரப் பட்டியல் வேணும். நியூயார்க்ல 1995, 2005, 2015-ன்னு பத்து வருஷத்துக்கு ஒருதடவ தன்னார்வலர்கள வச்சு தெரு மரத்த எண்ணினாங்க, 2015-ல 6,66,134 மரம், அந்த மேப்ப யாரு வேணா திறந்து பாக்கலாம். எண்ணாத மரம் காணாம போனா கேக்க ஆளே இருக்காது.

அதனால தம்பி, தீர்மானத்த எதிர்க்காதீங்க, ஓட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி உங்க கவுன்சிலர்கிட்ட போய் வாசகத்த திருத்தச் சொல்லுங்க, அப்புறம் திருத்துறது ரொம்ப கஷ்டம். வரைவு கிடைச்சா எனக்கும் அனுப்புங்க, பணம் எந்த தலைப்புல இருந்து வருதுன்னு சொல்ற பக்கத்த மறக்காம சேத்து.