அரசுப் பள்ளிகளைத் தனியாரிடம் ஒப்படைத்தால் தரம் உயருமா?

உயராது என்பதுதான் என் பதில். நகரத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் நீலகிரியில் பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைனில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், வளர்ந்தவள், இங்கேயே அரசுப் பள்ளியில் படித்தவள். இப்போது என் மகளும் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள், நான் அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். அந்த இடத்திலிருந்து பேசுகிறேன்.

தனியார்மயத்தை ஆதரிப்பவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். பள்ளிக்குச் செலவழிக்கும் பணத்தை அரசு பிள்ளையின் பேரில் கொடுக்கட்டும், பெற்றோர் நல்ல பள்ளியாகப் பார்த்துச் சேர்ப்பார்கள், போட்டியில் எல்லாப் பள்ளியும் திருந்தும் என்று. 1955-லேயே அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் இதை எழுதிவிட்டார். சிலி நாடு ராணுவ ஆட்சிக் காலத்தில், 1981-லிருந்து, நாடு முழுக்கச் செய்தே பார்த்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒரு பள்ளியிலும் இல்லாதவர்கள் வேறு பள்ளியிலுமாகப் பிரிந்து போனார்கள். 2006-ல் பள்ளி மாணவர்களே தெருவுக்கு வந்து போராடினார்கள். அரசுப் பணம் வாங்கும் பள்ளி லாபம் பார்க்கக் கூடாது, பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கக் கூடாது என்று 2015-ல் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

சரி, அந்தக் கணக்கையே எங்கள் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். போட்டி என்றால் இரண்டு பள்ளியாவது வேண்டுமே! காலையில் இங்கே அம்மாக்கள் முதலில் பார்ப்பது யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் வரும் தகவலைத்தான். அதன்பிறகு நான்கைந்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே இறங்கி, ஓடையைத் தாண்டி ஏறுவார்கள். ஜூலை மழையில் அரசு கொடுத்த ரெயின்கோட்டின் கை பிள்ளையின் விரலையும் தாண்டித் தொங்கும், அதை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக் கூட்டிப் போவார்கள். அந்தப் பாதை முடியும் இடத்தில் இருப்பது ஒரே ஒரு ஈராசிரியர் பள்ளி. மெட்ரிக் பள்ளி வேன் மெயின் ரோட்டோடு போய்விடும், லைனுக்குள் இறங்காது. தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் தரும் கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி இருந்தால்தானே அதில் கேட்க முடியும்? தூரத்தில் இடம் கிடைத்தாலும் வேன் காசு நம் தலையில்தான். பச்சைத் தேயிலை விலை இறங்கும் மாதத்தில் அந்தக் காசுக்கு எங்கே போவது?

இன்னொரு விஷயம், செலவு. இடைநிலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளமே 20,600 ரூபாயில் தொடங்குகிறது. இருபது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால் இரண்டு ஆசிரியருக்குக் கட்டுமா? எடுத்து நடத்துபவர் ஒன்று சம்பளத்தைக் குறைப்பார், இல்லையென்றால் நாலு பள்ளியை ஒன்றாக்கி டவுனுக்குக் கொண்டுபோவார். அவரைக் குறை சொல்ல முடியாது, கணக்கு அப்படித்தான் தள்ளும். ஆளில்லாத ட்ரிப்புக்குத் தனியார் மினிபஸ் வராது, அரசு பஸ்தான் வரும்.

லைபீரியாவில் நடந்தது எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். 2016-ல் அந்த நாடு 93 அரசுப் பள்ளிகளைத் தனியார் அமைப்புகளிடம் நடத்தக் கொடுத்தது. ஆய்வு செய்தபோது பிள்ளைகள் கூடுதலாகக் கற்றது தெரிந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதில் ஒரு நிறுவனம், வகுப்புக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்து, மிஞ்சிய பிள்ளைகளை வெளியே அனுப்பியது. பழைய ஆசிரியர்கள் பலரையும் வேண்டாம் என்றது. அந்தப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் போய் நின்ற இடம் மற்ற அரசுப் பள்ளிகள். "உன் பிள்ளை வேண்டாம்" என்று சொல்லும் வசதி ஒருவருக்கு இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. இந்த ஒன்றை விட்டுவிட்டு இருவரின் தரத்தையும் எப்படி ஒப்பிடுவது?

இங்கேயும் பார்க்கிறேன். எங்கள் லைனில் ஒரு பையன் ஃபீஸ் பாக்கிக்காகத் தனியார் பள்ளியிலிருந்து பாதியில் நின்றான். டிசி தராமல் இழுத்தடித்தார்கள். கட்டணத்தை வசூலிக்க டிசியை ஆயுதமாக்கக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. எங்கள் ஹெச்எம் டிசிக்குக் காத்திருக்கவே இல்லை, மறுநாளே வகுப்பில் உட்காரவைத்தார். மதியம் மற்ற பிள்ளைகளோடு அவனும் தட்டைக் கழுவிக்கொண்டு வரிசையில் நின்றான்.

தனியார் கை பட்டாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. நீலகிரியில் மிஷன் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் எத்தனையோ தலைமுறை படித்து வந்திருக்கிறது. அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, நிர்வாகம் மட்டும் அவர்களுடையது. கட்டடம், கழிப்பறை, கம்ப்யூட்டர் என்று கம்பெனிகள் நன்கொடை கொடுத்தாலும் தாராளமாக வாங்கலாம். ஆனால் 2024 கடைசியில், தனியார் பள்ளிச் சங்கம் 500 அரசுப் பள்ளிகளைத் தத்தெடுக்கப் போகிறது என்று செய்தி வந்ததே, அப்போது எங்கள் பக்கப் பெற்றோர் கேட்ட கேள்வி வேறு. "அப்படி ஆனா நம்ம பிள்ளைங்க அரசுப் பள்ளி மாணவர் கணக்குல வருவாங்களா?" மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம், கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்குதானே வாசல். அமைச்சர் தத்தெடுப்பு இல்லை என்று மறுத்த பிறகுதான் பேச்சு அடங்கியது.

அரசு மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. இடமாறுதல் கவுன்சிலிங்கில் ஆசிரியர் கீழே சமவெளியில் இடம் வாங்கிப் போய்விடுவார், அந்த இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும். இருக்கும் ஒருவர் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டு பள்ளி விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் பதிவும் போட வேண்டும். அவர் ஒருநாள் மீட்டிங்குக்குப் போனால் பிள்ளைகளை அங்கன்வாடி அக்காதான் பார்ப்பார். அப்புறம் சேர்க்கை குறைகிறது என்பார்கள், குறைந்ததும் மூடுவதைப் பற்றிப் பேசுவார்கள். 2019-ல் ஒரு பிள்ளைகூடச் சேராத 46 பள்ளிகளை நூலகமாக மாற்றினார்கள். அந்த நிலைக்கு வரும்வரை விட்டுவைத்ததும் அரசுதான். பள்ளியை மெல்லமெல்ல வாடவிட்டு, பிறகு தனியாரிடம் கொடு என்பது எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம்.

நீங்கள் பெற்றோர் என்றால் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். வாயில் சொல்வதைவிடத் தீர்மானமாக எழுதவைப்பது நல்லது. நாங்கள் போன கூட்டத்தில் இரண்டு எழுதினோம். காலி இடத்துக்கு ஜூன் மாதத்துக்குள் ஆசிரியர் வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கக் காலனிப் பிள்ளைகளுக்கு ஜீப் வசதியும் கூட வர ஒரு ஆளும் வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. நகல் எடுத்து வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறோம்.