பூசை இல்லாத கல்யாணம்

கேள்வி: லண்டனில் நடக்கும் ஒரு நாவல் எழுதுகிறேன். காலம் 1941 நவம்பர். நாயகி கத்தோலிக்க நர்ஸ், நாயகன் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சிப்பாய். அவன் திடீரென்று விடுப்பில் வந்து இறங்க, மறுநாளே பாடல் பூசையோடு, அதாவது பாட்டோடு நடக்கும் திருப்பலியோடு, கல்யாணம். பாராசூட் பட்டில் கவுன், மூன்றடுக்கு ஐசிங் கேக் என்று எழுதியிருக்கிறேன். தோழி இதில் பாதி நடக்காது என்கிறாள். போர்க்காலத்தில் விதிகளைத் தளர்த்தியிருக்க மாட்டார்களா?

பதில்: பாதி இல்லை, முக்கால்வாசி நடக்காது.

முதலில் பூசையை எடுத்துவிடுங்கள். அப்போது நடைமுறையில் இருந்தது 1917-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். கத்தோலிக்கர் வேறு சபைக் கிறிஸ்தவரைக் கட்டும் கலப்புத் திருமணத்துக்கு அதில் பூசை கிடையாது. கோயிலுக்குள், அதாவது சர்ச்சுக்குள், நடத்தக்கூட ஆயர் (பிஷப்) தனியாக அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் குருவானவர் உடை மாற்றும் அறையிலோ அவர் வீட்டிலோ நின்று சம்மதம் சொல்லிவிட்டு வர வேண்டியதுதான். மறுநாளே என்பதும் உதைக்கிறது. அவன் வருவதற்கு முன்பே அவள் பங்குத்தந்தையிடம் போய், வேறு சபைக்காரனைக் கட்டிக்கொள்ள விதிவிலக்கு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

உங்கள் நாவலுக்குத் தீனி அந்த விதிவிலக்கில்தான் இருக்கிறது. சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். மனைவியின் விசுவாசத்துக்கு இடைஞ்சல் செய்ய மாட்டேன் என்று அவன் உறுதி தர வேண்டும். பிறக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் கத்தோலிக்க ஞானஸ்நானம், கத்தோலிக்க வளர்ப்பு என்று இருவருமே வாக்குக் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் எழுத்தில். அவள் பங்குக்கு இன்னொரு கடமையும் உண்டு: புருஷனை மெல்ல மெல்லத் தன் சபைக்குக் கொண்டுவர முயல வேண்டும்! பையனின் அம்மா தீவிர ஆங்கிலிக்கன் என்றால் அந்தத் தாளைப் பார்த்ததும் என்ன சொல்லியிருப்பாள்? கவுனை வர்ணிக்க ஒதுக்கிய பக்கங்களை அவளுக்குக் கொடுங்கள்.

வெறுத்துப்போய் அவனுடைய கோயிலிலேயே கட்டிக்கொண்டால்? அரசாங்கத்துக்கு அது செல்லும். கத்தோலிக்கச் சபைக்குச் செல்லாது. அவள் சபை விலக்குக்கும் ஆளாவாள். போருக்காக அந்தச் சட்டத்தை யாரும் மாற்றவில்லை.

போர் கைவைத்தது துணியிலும் சர்க்கரையிலும். 1941 ஜூன் முதல் துணிக்கு ரேஷன். ஆளுக்கு ஆண்டுக்கு 66 கூப்பன், ஒரு கம்பளி உடைக்கே 11 போய்விடும். இரவல் கவுன் போட்டுவிடுங்கள். பாராசூட் பட்டு மணப்பெண்களைப் போர் முடிகிற சமயத்தில் தாராளமாகப் பார்க்கலாம். ராணுவச் சொத்தான அதை 1941-ல் போட்டால் 'எங்கே திருடினாய்' என்று கேட்பார்கள். கேக்கின் மேல் சர்க்கரை ஐசிங்குக்கு 1940 ஆகஸ்டிலேயே தடை வந்துவிட்டது. ஐசிங் மாதிரி அலங்கரித்த அட்டைக் கூடு வாடகைக்குக் கிடைக்கும். உள்ளே குட்டி கேக். போட்டோவில் மூன்றடுக்காகத்தான் தெரியும், அதனால் அதை வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், கத்தோலிக்கர் மட்டும் வாக்குக் கொடுத்தால் போதும் என்பது 1970-ல் போப் ஆறாம் பவுல் கொண்டுவந்த மாற்றம். இவர்கள் மகளும் கலப்புத் திருமணம் செய்வதாக இரண்டாம் பாகம் எழுதினால் அங்கே பயன்படுத்துங்கள்.