ஜிம்மில் தூக்கும் வெயிட்டைக் குறைத்தால் தசை போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 43. பல வருடங்களாக ஜிம்முக்குப் போகிறேன். டெட்லிஃப்டில் (தரையிலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிர்வது) 120 கிலோ, ஐந்து ரெப் (தொடர்ந்து ஐந்து தடவை) எடுப்பேன். போன வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரத்தை மேலே தள்ளுவது) செய்தால் தோள் வலிக்கிறது. வெயிட்டைக் குறைக்கலாமா? தசை போய்விடுமோ என்று பயம். கூட இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: தாராளமாகக் குறைக்கலாம். தசை போகாது. ஆனால் வெயிட் குறைகிறதே என்று செட்டையும் (தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று ரெப்கள்) சுலபமாக்கிவிடக் கூடாது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 30 சதவீதத்தை வைத்துச் சில கால்களுக்கும், 80 சதவீதத்தை வைத்துச் சில கால்களுக்கும் 10 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். தலா மூன்று செட், இனி முடியாது என்கிற வரை. தசை வளர்ச்சி இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். லேசான எடையில் முதல் ரெப்களுக்குத் தசை நார்களில் ஒரு பகுதியே போதும். அவை களைக்கக் களைக்கத்தான் மற்ற நார்களும் வேலைக்கு வருகின்றன. அதனால் கடைசி நாலைந்து ரெப்கள்தான் முக்கியம். 15 முதல் 20 ரெப் வருகிற எடையை எடுங்கள். இன்னும் இரண்டு ரெப்தான் முடியும் என்று தோன்றும்போது நிறுத்துங்கள். இறக்கும்போது மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் குறையும்: அதிகபட்ச பலம். அந்த ஆய்விலும் கனமாகத் தூக்கிய கால்களுக்கே பலம் கூடுதலாக ஏறியது. கொஞ்ச நாள் கழித்து 120 கிலோ பழையபடி வராவிட்டால் பதறாதீர்கள். கனமாகத் தூக்கும் பழக்கம் விட்டுப்போனதுதான் பெரும்பாலும் காரணம்.

டெட்லிஃப்டை மட்டும் 20 ரெப் கணக்கில் செய்யாதீர்கள். தொடை களைக்கும் முன் கீழ்முதுகு களைத்துவிடும், முதுகு வளையும், இடுப்பு மறுபடி பிடிக்கும். அதற்குப் பதில் டம்பெல் வைத்து ருமேனியன் டெட்லிஃப்ட் (முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது), 10 ரெப் அளவில். பெஞ்சில் பார்பெல்லை (நீளக் கம்பி) ஒதுக்கிவிட்டு, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி டம்பெல் பிடித்து, முழங்கையை உடம்புக்குக் கொஞ்சம் நெருக்கி வைத்துச் செய்து பாருங்கள். பலருக்குத் தோள் உறுத்தல் இதிலேயே குறைகிறது.

லேசான எடை என்றால் அடிபடவே படாது என்றும் இல்லை. ரெப் எண்ணிக்கை திடீரென்று கூடினால் தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைப்பவை) எரிச்சலடையும். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டு செட் போதும், அப்புறம் கூட்டலாம்.

உங்கள் தயக்கத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இப்படித் தயங்கித்தான் எத்தனையோ பேர் வலியோடே தூக்கி, கடைசியில் மாதக்கணக்கில் ஜிம் பக்கமே போக முடியாமல் ஆகிறார்கள். உங்கள் தோளுக்கு என்ன தேவை என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

இடுப்பு வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, தோள்வலி இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ வெயிட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.