‘ரெபல் வித்தவுட் எ காஸ்’ முடிவு: கேள்வி பதில்

(1955இல் வந்த அமெரிக்கப் படம். நாயகன் ஜிம், அவனோடு ஒட்டிக்கொள்ளும் பையன் பிளேட்டோ. கடைசியில் பிளேட்டோவைப் போலீஸ் சுட்டுக் கொல்கிறது.)

கேள்வி: ஜிம்தான் தோட்டாவை எடுத்துவிட்டானே, பிளேட்டோவை ஏன் சுடுகிறார்கள்?

பதில்: எடுத்தது போலீஸுக்குத் தெரியாது. வரிசையாகப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் வானாய்வகத்துக்குள் இருட்டில் ஜிம் பிளேட்டோவின் துப்பாக்கியைக் கேட்டு வாங்குகிறான், தோட்டாக்கள் இருக்கும் மேகசினை உருவிக்கொண்டு வெறும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கிறான். திருப்பித் தருவதாகச் சொன்ன வாக்கு அது. மீறினால் பையன் வெளியே வரமாட்டான். பிறகு போலீஸிடம் விளக்கை அணைக்கச் சொல்கிறான், அணைக்கிறார்கள். துப்பாக்கி காலி என்பதை மட்டும் சொல்லவில்லை. பிளேட்டோ வெளியே வந்ததும் விளக்கு மறுபடி எரிகிறது. மிரண்டு ஓடுகிறான், கையில் துப்பாக்கி. தோட்டா என்னிடம் இருக்கிறது என்று ஜிம் கதறுவதால் பலனே இல்லை.

இந்தக் கட்டத்தை மட்டும் தனித் துண்டாகப் பார்க்காதீர்கள். முன்பாதியில் அதே வானாய்வகத்தில் வரும் கோளரங்கக் காட்சியும் சேர்ந்தால்தான் முழுசாகப் புரியும்.

கேள்வி: அப்போ தப்பு போலீஸ் மேல்தானே?

பதில்: விளக்கைப் போட்டது தப்பு. பயந்தது தப்பில்லை, சற்று முன்புதான் பிளேட்டோ ஒரு பையனையும் சுட்டு, போலீஸை நோக்கியும் சுட்டிருக்கிறான்.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வார்த்தை சொல்லாத ஜிம்தான் காரணம்.

பதில்: யாரிடம் சொல்வான்? கார்ப் பந்தயத்தில் ஒருவன் செத்ததைச் சொல்ல அன்றிரவே ஸ்டேஷனுக்குப் போனான். காதுகொடுத்துக் கேட்கும் ஒரே அதிகாரி ரே அங்கே இல்லை. வீட்டில் அம்மா, போகவே வேண்டாம் என்கிறார். அப்பா அவன் பக்கம் நிற்கவில்லை. உண்மையைச் சொல்லப்போய் ஒவ்வொரு வாசலிலும் திரும்பி வந்தவன் அவன். பழியை அவன் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம்.

கேள்வி: ஜிம்மின் சிவப்பு ஜாக்கெட் எதற்கு?

பதில்: முதல் காட்சியில் ஸ்டேஷனில் ஜிம் தன் கோட்டை நீட்டுகிறான், பிளேட்டோ மறுக்கிறான். கடைசியில் ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொள்கிறான். அதனால்தான் விழுந்தது தன் மகன் என்று ஜிம்மின் அப்பா பதறுகிறார். பிளேட்டோவின் கால்களையும் பாருங்கள்: ஒரு சாக்ஸ் சிவப்பு, இன்னொன்று நீலம். ஜிம் அவனுக்கு ஜிப்பை இழுத்து மூடுகிறான். அப்பா தன் கோட்டை ஜிம் மேல் போர்த்துகிறார்.

கேள்வி: அப்பா திருந்திவிட்டார், ஆக சுபமான முடிவு?

பதில்: ஜிம்முக்கு மட்டும். பிளேட்டோவின் பெற்றோர் படத்தில் முகமே காட்டவில்லை; அப்பாவிடமிருந்து வருவது செலவுக்கான காசோலைதான். அவனுக்காக அழுவது வீட்டு வேலைக்காரப் பெண்மணி ஒருவரே.

கேள்வி: விடியலில் முடிவது ஏன்?

பதில்: கோளரங்கக் காட்சி! உலகம் அழிவதை அங்கே காட்டுகிறார்கள், பிளேட்டோ நாற்காலிகளுக்கிடையில் ஒளிகிறான். உலகம் ராத்திரியிலா அழியும் என்று பின்னால் அவன் கேட்க, இல்லை, விடியலில் என்கிறான் ஜிம்.

கேள்வி: தோட்டா இல்லாதபோது ஏன் சுட்டார்கள்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஜிம்மாக நடித்த ஜேம்ஸ் டீன் படம் வருமுன்பே இறந்தாரா?

பதில்: ஆமாம். விபத்து 1955 செப்டம்பர் 30, படம் வந்தது அக்டோபர் 27. முடிவைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: கடைசியில் வானாய்வகத்தை நோக்கி நடந்து வருபவர் யார்?

பதில்: இயக்குநர் நிக்கலஸ் ரே.