துரை பங்களாவிலிருந்து வந்த ஆரஞ்சு ஜாடி

கேள்வி: எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவில் என் பாட்டி ஆயாவாக இருந்தார். 1972இல் துரை குடும்பத்தார் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, மரப்பட்டை போலச் சொரசொரப்பான ஆரஞ்சு நிறக் கண்ணாடிப் பூஜாடி ஒன்றைப் பாட்டிக்குக் கொடுத்துச் சென்றார்கள். அடியில் முத்திரை இல்லாததால் அது போலி என்று சொல்லும் பழைய சாமான் வியாபாரி, 50 ரிங்கிட்டுக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா? உள்ளே படிந்துள்ள வெண்படலத்தை எப்படி நீக்குவது?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். போலி என்று சொல்பவர் அதற்கு 50 ரிங்கிட் தர முன்வருவதே யோசிக்க வைக்கிறது.

நீங்கள் வருணிக்கும் ஜாடி, லண்டனை அடுத்த வீல்ட்ஸ்டோனில் இயங்கி 1980இல் மூடப்பட்ட ஒயிட்ஃபிரையர்ஸ் கண்ணாடி ஆலையின் பண்டத்தைப் பெரிதும் ஒத்திருக்கிறது. அங்கே வடிவமைப்பாளராக இருந்த ஜெஃப்ரி பாக்ஸ்டர், மரப்பட்டை, ஆணி, செங்கல் போன்றவற்றைக் கொண்டு அச்சுகளை அமைத்து, அவற்றுக்குள் உருகிய கண்ணாடியை ஊதச் செய்து உருவாக்கிய சொரசொரப்பு வகைகள் 1967இல் விற்பனைக்கு வந்தன. 'டேஞ்சரின்' என்னும் ஆரஞ்சு நிறம் 1969இல்தான் சேர்க்கப்பட்டது என்பதால், பாட்டி சொன்ன காலக்கணக்கும் பொருந்தி வருகிறது. பெரும்பாலும் காகித வில்லை மட்டுமே ஒட்டி அனுப்பிய ஆலை அது. பல ஆண்டுகள் கழுவிய பிறகு வில்லை எங்கே நிற்கும்?

ஆயினும் மரப்பட்டை வடிவத்தைப் பலரும் கையாண்டார்கள். பின்லாந்து வடிவமைப்பாளர் டிமோ சர்பனேவா 1964இலேயே மர அச்சுக்குள் கண்ணாடியை ஊதச் செய்தார். ஒவ்வொரு முறையும் அச்சு கருகியதால் ஒரு ஜாடி போல மற்றொன்று அமையவில்லை. ஆகவே கையில் எடுத்துப் பாருங்கள். ஜாடி நல்ல கனமாக இருக்க வேண்டும்; ஆரஞ்சு நிறத்தைச் சுற்றி நிறமற்ற கண்ணாடி தடித்த உறையாகத் தெரிய வேண்டும்; அடிப்பக்கம் தேய்த்து மெருகேற்றப்பட்டிருக்க வேண்டும்.

வெண்படலம் தண்ணீரின் சுண்ணாம்பாக இருந்தால், வினிகர் கலந்த வெதுவெதுப்பான நீரை ஓர் இரவு நிரப்பி வைத்தால் கரைந்துவிடும். அதற்கும் போகவில்லை என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழுவி நீக்க முடியாது. பித்தளைச் செம்பைத் துலக்கும் பழக்கத்தில் சாம்பலும் கம்பிநாரும் கொண்டு தேய்க்காதீர்கள். தடித்த கண்ணாடி விரிசல் விடும் என்பதால் கொதிநீரும் கூடாது.

விலையை அறிய, விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காமல், ஏலங்களில் உண்மையில் விற்றுமுடிந்த தொகையைப் பாருங்கள். அதற்குமுன் விளிம்பில் மெல்ல விரலை ஓட்டிப் பாருங்கள். சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் விலை நன்றாகவே குறையும். அதை மறைக்க உள்ளூர்க் கண்ணாடிக் கடையில் கொடுத்து விளிம்பைத் தேய்த்தால் இன்னும் குறையும்.