சைக்கிள் பந்தயம் சோறு போடுமா? ஒரு அப்பாவுக்குப் பதில்

மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள், மாவட்ட அளவிலான சைக்கிள் பந்தயங்களில் ஜெயிக்கிறாள், ஐரோப்பாவுக்குப் போய் இதையே தொழிலாக்கப் போவதாக அடம் பிடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 'இதெல்லாம் சோறு போடுமா?' என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான். இந்தத் தொழிலில் சம்பளம் யார் பையிலிருந்து வருகிறது என்று பார்த்தால் பதில் தெரிந்துவிடும். அதற்குக் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும்.

கிரிக்கெட் என்றால் மைதானத்துக்கு டிக்கெட் உண்டு. ரோட்டில் நடக்கும் பந்தயத்தை யார் வேண்டுமானாலும் ஓரமாக நின்று சும்மாவே பார்க்கலாம். அதனால் ஆரம்பத்திலிருந்தே, தன் சரக்கை விற்க நினைக்கும் ஒருவர் போடும் பணத்தில்தான் இந்த விளையாட்டு ஓடுகிறது. பிரான்ஸில் பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903-ல் தொடங்கியது ஒரு விளையாட்டுப் பத்திரிகை. போட்டிப் பத்திரிகையை விற்பனையில் முந்துவதற்காக. கிளம்பிய 60 பேரில் முடித்தவர்கள் 21 பேர். ஜெயித்த மொரிஸ் கரேன், சிறுவயதில் புகைபோக்கி சுத்தம் செய்தவர். அந்தக் காலத்தில் வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்தவை பெரும்பாலும் சைக்கிள் கம்பெனிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்கூட்டரும் காரும் வந்து சைக்கிள் விற்பனை படுத்ததும் அந்தப் பணம் வற்றியது. 1954-ல் இத்தாலிய வீரர் ஃபியோரென்சோ மாக்னி, நிவியா க்ரீம் கம்பெனியின் பெயரை ஜெர்சியில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். சைக்கிளுக்கும் க்ரீமுக்கும் என்ன சம்பந்தம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த வழிதான் நிலைத்தது. இன்றைக்கும் அணியின் பெயரே விளம்பரம்தான்.

இதிலுள்ள ஆபத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். விளம்பரதாரர் விலகினால் அணியே இருக்காது. 2011-ல் ஹெச்டிசி-ஹைரோடு அணியின் மார்க் கேவண்டிஷ், டூர் டி பிரான்ஸில் ஐந்து கட்டங்களை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) ஜெயித்து, புள்ளிகளில் முதலிடம் பிடிப்பவருக்கான பச்சை ஜெர்சியையும் வாங்கினார். அந்த வருடக் கடைசியில் அணியைக் கலைத்துவிட்டார்கள், புதிய விளம்பரதாரர் கிடைக்கவில்லை என்று. நன்றாக ஓட்டினால் வேலை நிச்சயம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இன்னொன்று, டிவியில் மகள் பார்ப்பது மேடையில் நிற்பவரை. வேலைக்கு எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் துணை வீரர்கள். அணியின் காருக்குப் பின்வாங்கி வந்து, ஜெர்சியின் முதுகுப் பக்கத்திலும் கழுத்து வழியாகவும் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, மறுபடி கூட்டத்தை எட்டிப் பிடித்து அணித் தலைவருக்குக் கொடுக்க வேண்டும். அப்புறம் அவருக்கு முன்னால் ஓட்டிக் காற்றைத் தடுக்க வேண்டும். சம்பளம் அதற்குத்தான். இந்த வேலை பிடிக்குமா என்று மகளிடம் கேளுங்கள். பிடிக்கும் என்றால் அவளுக்கு விஷயம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெண்கள் விஷயத்தில் வரலாறு இன்னும் கடுமை. 1924-ல் ஆண்களுக்கான ஜிரோ டி இத்தாலியா என்ற இத்தாலியப் பந்தயத்தில் அல்ஃபோன்சினா ஸ்த்ராதா ஓட்டினார். வழியில் ஹேண்டில்பார் உடைந்துபோக, விளக்குமாற்றுக் கட்டையைச் செருகிக்கொண்டு ஓட்டி, நேரம் கடந்து வந்து சேர்ந்தார். அதன் பிறகும் அவரை ஓட்ட விட்டார்கள், கணக்கில் சேர்க்காமல். அறுபது வருடம் கழித்து, 1984-ல் பெண்கள் டூரை ஜெயித்த அமெரிக்கர் மேரியன் மார்ட்டினுக்குக் கிடைத்தது ஆயிரம் டாலர் அளவில்தான். முதல்நிலைப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று வந்ததே 2020-ல்தான். பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் 'வேண்டாம்' என்றிருப்பேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் படிப்பை விடச் சொல்லவும் மாட்டேன். 2022-ல் புதிதாகத் தொடங்கிய பெண்கள் டூரை ஜெயித்த நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன், வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தவர். கால்பந்தில் முழங்கால் அடிபட்ட பிறகே சைக்கிளுக்கு வந்தார்; டூரை வென்றபோது வயது 39. டோக்கியோ ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் தங்கம் வாங்கிய ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாமல் வந்து ஜெயித்தார். வான் ஃப்ளூட்டன் இரண்டாவதாக வந்து, தான்தான் முதல் என்று நினைத்துக் கையைத் தூக்கிய பந்தயம் அது. இருவரும் விதிவிலக்குகள், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் பதினாறு வயதில் பள்ளியை விட்டால்தான் ஆகும் என்பவர்களுக்கு இந்த இரண்டு பெயர்கள் போதும்.

ப்ளஸ் டூ முடியட்டும். 17, 18 வயது ஜூனியர் பிரிவில் தேசிய அளவில் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். முன்வரிசையில் வந்தால் ஐரோப்பாவைப் பற்றிப் பேசலாம். சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் சர்வதேச சைக்கிள் சங்கம் நடத்தும் பயிற்சி மையம், இந்த விளையாட்டில் பயிற்சி வசதி குறைந்த நாடுகளின் இளையவர்களுக்கும் பயிற்சி தருகிறது. 2024 டூரில் மூன்று கட்டங்களை ஜெயித்த எரித்ரியாவின் பினியம் கிர்மாய் அங்கே பயிற்சி பெற்றவர். முன்வரிசை இல்லை என்றால் பிசியோதெரபி, விளையாட்டு அறிவியல் என்று இதே உலகத்துக்குள் நுழையும் படிப்புகள் இருக்கின்றன. ரயில்வே மாதிரி இடங்களில் விளையாட்டு ஒதுக்கீடும் உண்டு.

இப்போதைக்குக் கடன் வாங்கி லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள் வாங்க வேண்டாம். அதைவிட முக்கியம், 'ஐரோப்பிய கிளப்பில் சேர்த்துவிடுகிறேன்' என்று முன்பணம் கேட்கும் ஏஜென்ட் யாராவது வந்தால், கிளப்பின் பெயரை வாங்கி நீங்களே அந்தக் கிளப்புக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். பதில் வருகிற வரை ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.